வலப்பக்கத்து முக்கோணங்கள்

நவம்பர் 27, செவ்வாய்

ஷிபுகி தன் வலப்பக்கத்தைக் காட்ட மறந்துவிட்டதா, மறுக்கிறதா? எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை இங்கே மட்டும்தான் எழுத முடிகிறது. மீன்காட்சியக அலுவலகத்தில் கேட்டால், “தொடர்ந்து கவனித்து வருகிறோம்” என்பேன்.

இன்று ரத்தம் எடுத்தோம். வழக்கம்போல பயிற்சியாளர் இசோபே மேடை விளிம்பில் மண்டியிட்டு உள்ளங்கையை நீர்மேல் விரித்தார். டால்பின் ஷிபுகி தானாக வந்து, மல்லாந்து, வாலை அவர் கையில் வைத்தது. நான் ஊசியைச் செலுத்தினேன். நாற்பது விநாடி. அது வாலை இழுத்துக்கொள்ள நினைத்தால் இழுத்துக்கொள்ளலாம். நாங்கள் பிடிப்பதில்லை, துரத்துவதில்லை, மீனைக் குறைப்பதும் இல்லை. மீனவர் கடலில் கட்டிய நிலைவலையில் சிக்கி இங்கே வந்த நாளிலிருந்து, பத்தொன்பது வருடமாக, எங்களுக்கும் அதற்கும் உள்ள ஏற்பாடு அவ்வளவுதான். ஒரு விசில், ஒரு கானாங்கெளுத்தி, முடிந்தது.

வெள்ளை அணுக்கள் பதினாறாயிரம். போன மாதம் எட்டாயிரம்.

இடப்பக்கத்தை ஸ்கேன் செய்தேன். நுரையீரல் சுத்தம். வலப்பக்கம் கேட்டோம். வந்தது, மறுபடியும் இடப்பக்கத்தையே காட்டியது. இசோபே இன்னொரு தடவை கைகாட்டினார். குளத்தின் அந்தக் கோடிக்குப் போய் நின்றுகொண்டது.

“இன்னிக்கு மூட் இல்ல போலருக்கு டாக்டர்,” என்றார். பதிவுத்தாளில் ஒரு முக்கோணம் போட்டார்.

நவம்பர் 29, வியாழன்

மூச்சில் வாடை.

கைகாட்டினால் தட்டின்மேல் பலமாக மூச்சுவிடும், அப்படிப் பழக்கியிருக்கிறோம். தட்டை மூக்கருகே கொண்டுபோனதுமே தெரிந்துவிட்டது. எங்கோ சீழ் இருக்கிறது. இடது நுரையீரலில் இல்லை. அப்படியானால்?

மாத்திரை ஆரம்பித்தாயிற்று. தீவன அறையில் குசுமி-சான் கானாங்கெளுத்தியின் செவுளைத் தூக்கித் தூக்கி மாத்திரையைச் செருகினார். அறுபத்துமூன்று வயது, பேச்சில் உப்பு அதிகம்.

“ஒரு வேளைக்கு பதினாலா? முப்பது வருசம் மீன் ஏலத்துல கெடந்தேன் டாக்டர். மீன் வயித்துலேந்து எடுத்துதான் பழக்கம். உள்ள வைக்கச் சொன்ன மொத ஆளு நீங்கதான்.”

“கசப்பு தெரியாம வைங்க.”

“கசந்தா அவளே துப்பிடுவா. அவ நம்ம இயக்குநர் மாதிரியா, குடுத்ததெல்லாம் முழுங்கறதுக்கு?”

சிரிக்க வேண்டிய இடம். சிரித்தேன் என்றே நினைக்கிறேன்.

டிசம்பர் 1, சனி

விடுப்பு. ஷிபுகியின் பதிவுத்தாள் கோப்பை வீட்டுக்கு எடுத்து வந்து ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து புரட்டினேன். வெளியே காலையிலிருந்து குளிர்கால இடி. இந்த இடி இடித்தால் புரி மீன் கரையோரம் வரும் என்பார்கள், நாளைக்குச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும்.

மாதத்துக்கு ஒரு தாள். வால், வயிறு, வாய், மூச்சு, இடப்பக்கம் — வட்டம், வட்டம், வட்டம். வலப்பக்க வரிசையிலும் மூன்று வருடம் முன்பு அக்டோபர் வரை வட்டம்தான். நவம்பரிலிருந்து முக்கோணம். முப்பத்தேழு தாள்கள். ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு மையில் ‘உசுய்’ என்று என் முத்திரை. ஒன்றுகூடக் கோணலாக இல்லை.

வட்டம் என்றால் செய்தது. பெருக்கல் குறி என்றால் செய்யவில்லை. பெருக்கல் போட்டால் மேம்பாட்டு அறிக்கை எழுத வேண்டும். காரணம், நடவடிக்கை, கெடு, நான்கு பிரதி, நகராட்சி வரைக்கும் போகும். முக்கோணத்துக்கு எதுவும் எழுத வேண்டாம். வந்தது, முழுசாகச் செய்யவில்லை, ஆனால் செய்யவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை — அதுதான் முக்கோணம். நாங்கள் யாரும் யாருக்கும் பெருக்கல் போடுவதில்லை.

அந்த அக்டோபரில் என்ன நடந்தது என்று தேடினேன். தெற்கு மேடையின் மின்இணைப்பு உப்புக்காற்றில் துருப்பிடித்து மூடப்பட்டது. ஸ்கேன் இயந்திரத்தை வடக்கு மூலைக்கு மாற்றினோம். வடக்கு மூலையில் வலப்பக்கத்தைக் காட்ட வேண்டுமானால் தலையைச் சுவர்ப்பக்கம் வைத்துப் படுக்க வேண்டும். இசோபேயின் கை அதன் கண்ணில் படாது. ஆக, இடம் மாறியதால் மறந்திருக்கலாம். அல்லது அதே மாதத்தில் அங்கே வலி தொடங்கியிருக்கலாம். இரண்டும் ஒரே சமயத்தில் நடந்திருந்தால் பிரித்தறிய வழியில்லை. முதலாண்டு மாணவனுக்கே தெரிந்த விஷயம் இது.

மருத்துவராக நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி முப்பத்தேழு தடவை என் மேசைக்கு வந்து, முப்பத்தேழு தடவை திரும்பிப் போயிருக்கிறது.

ஏன் கேட்கவில்லை? இடது சுத்தமாக இருந்தது. வால் கொடுத்தது. ரத்தம் நன்றாக இருந்தது. பார்த்துக்கொள்ளலாம் என்று —

யார் பார்த்துக்கொள்வதாக இருந்தது?

டிசம்பர் 3, திங்கள்

இசோபேயிடம் கோப்பைக் காட்டினேன். தீவன வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தாள்களைத் தொடாமலே பார்த்தார்.

“நீங்க கேப்பீங்கன்னு நெனச்சேன் டாக்டர்.”

“எதை?”

“இந்த முக்கோணத்தத்தான். மாசாமாசம் உங்க மேசைல கொண்டாந்து வெச்சேன். இந்த மாசம் இல்லன்னா அடுத்த மாசம், ‘இது என்ன இசோபே-சான்’னு கேப்பீங்கன்னு பாத்தேன். முத்திரை குத்தித் திருப்பிக் குடுத்துட்டீங்க. சரி, டாக்டருக்கே கவலையில்ல, நாம என்னத்தச் சொல்றதுன்னு விட்டுட்டேன்.”

“கவலைப்படற மாதிரி இருந்தா நீங்களே வாயைத் திறந்து சொல்வீங்கன்னு நான் நினைச்சேன்.”

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் போய் அதை அடைத்தார்.

“ரெண்டு பேரும் ரொம்ப மரியாதையாத்தான் இருந்திருக்கோம்,” என்றார்.

டிசம்பர் 4, செவ்வாய்

இயக்குநர் ஹொரிகோமேயின் அறையில் கூட்டம். நகராட்சியின் சுற்றுலாப் பிரிவிலிருந்து வந்தவர். விலங்குகளைப் பற்றித் தெரியாது என்பதை மறைக்காதவர். அந்த ஒரு விஷயத்துக்காக அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு.

நடந்ததை நடந்தபடி சொன்னேன். முப்பத்தேழு என்ற எண்ணையும் சொன்னேன்.

“பெருக்கல் ஒண்ணும் இல்லையே?”

“இல்லை.”

“முக்கோணம்தானே? அப்ப யார்மேலயும் தப்பு இல்ல, உசுய் டாக்டர். விடுங்க. இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லுங்க.”

மன்னித்துவிட்டார். திட்டியிருக்கலாம்.

இப்போது இரண்டு வழிதான். ஒன்று, குளத்து நீரை முழங்கால் மட்டத்துக்கு வடித்து, எட்டுப் பேர் பிடித்து, பாயில் கிடத்தி வலப்பக்கத்தைப் பார்ப்பது. அரை மணியில் தெரிந்துவிடும். இன்னொன்று, பழையபடி அதுவாக வந்து காட்டும்வரை பழக்குவது.

இசோபே எழுந்து நின்று பேசினார். கூட்டங்களில் அவர் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

“‘ரின்’னு ஒரு டால்பின் இருந்துச்சு, டாக்டருக்குத் தெரியும். பன்னெண்டு வருசம் முன்னாடி இப்படித்தான் தண்ணிய எறக்கிப் புடிச்சோம். அப்புறம் அஞ்சு மாசம் மேடைப் பக்கமே வரல. ஷிபுகியும் அப்படிப் போயிட்டா மாத்திரை யாரு குடுக்கறது? ரத்தம் யாரு எடுக்கறது? எனக்குப் பத்து நாள் குடுங்க. ஒரு தடவகூட நாம அவளப் புடிச்சதில்ல சார். அவளுக்கு அது தெரியும்.”

அவளுக்கு அது தெரியும் என்பதை நான் நம்பவில்லை. அதற்குத் தெரிந்தது கையும் விசிலும் மீனும். அதற்கு மேல் நாம் சேர்ப்பதெல்லாம் நம் தேவைக்கு. இருபத்துநான்கு வருடமாக இதைத்தான் சொல்லி வருகிறேன், இசோபே எரிச்சலடையும் அளவுக்கு.

ஆனாலும், “ஏழு நாள்,” என்றேன்.

மருத்துவக் காரணம் இருந்தது: மாத்திரையைத் தின்கிறது, வெள்ளை அணுக்கள் பதினான்காயிரமாகக் குறைந்திருக்கின்றன. அறிக்கையில் அதைத்தான் எழுதினேன். ஆனால் வலப்பக்கத்தைத் திறந்து பார்க்கிற நாளை ஒரு வாரம் தள்ளிவைக்க முடிந்தபோது எனக்குள் ஏதோ இளகியது. அதை அறிக்கையில் எழுதவில்லை.

டிசம்பர் 5, புதன்

ஆறு முறை கேட்டோம். ஆறு முறையும் இடப்பக்கம்.

டிசம்பர் 6, வியாழன்

இசோபே பாதி உடல் நீரில், பாதி மேடையில் கிடந்தபடி, சுவர்ப்பக்கமிருந்து கையை நீட்டிப் பார்த்தார். கை எங்கிருந்து வருகிறது என்று டால்பினுக்குப் புரியவில்லை. குழம்பிப்போய் வாயைத் திறந்து பல்லைக் காட்டியது. அதுவும் நாங்கள் கற்றுக்கொடுத்ததுதான். இசோபே விசிலை உதட்டில் வைத்துக்கொண்டு ஊதாமல் இருந்தார். கேட்காததைச் செய்தால் ஊதக் கூடாது.

குசுமி-சான் வாளியை வைத்துவிட்டு இடுப்பில் கையூன்றி வேடிக்கை பார்த்தார். “பொண்ணு பாக்க வந்த வீட்ல, பொண்ணு தலைய நிமித்த மாட்டேங்குதுன்னு கெஞ்சற மாதிரி இருக்கு.”

“நீங்க வேற!” என்றார் இசோபே. “பொண்ணு பாக்கப் போய் மூணு தடவ வேண்டாம்னு திரும்பி வந்தவன் நான். கெஞ்சறதுக்கு எனக்குச் சொல்லித் தரவேண்டாம்.”

டிசம்பர் 8, சனி

கொடுத்தது!

காலை ஒன்பதேகால், பனி கொட்டிக்கொண்டிருந்தது. தெற்கு மேடையில் செய்து பார்க்கலாம் என்று தீர்மானித்து, கூடத்திலிருந்து நீள மின்கம்பியை இழுத்திருந்தோம். பழைய இடம், பழைய கோணம். இசோபே கைகாட்டினார். ஷிபுகி வந்தது, தயங்கியது, புரண்டது. வலது விலா நீருக்கு மேலே, சாம்பலும் வெள்ளையுமாய்.

நான் இயந்திரத்துடன் நாலு அடி தள்ளி நின்றிருந்தேன். ஓடினேன். ஸ்கேன் முனையைத் தோலில் வைக்கும்போது அது திரும்பிவிட்டது.

மூன்று விநாடி. இசோபே விசிலை ஊதிவிட்டு வாளி மீனை மொத்தமாகக் கொட்டினார். ஷிபுகி அதில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது.

அவர் சந்தோஷத்தில் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

பதிவுத்தாளில் என்ன போடுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். முக்கோணம். “மூணு விநாடிதானே டாக்டர். முழுசா செஞ்சாத்தான் வட்டம்.”

டிசம்பர் 9, ஞாயிறு

எட்டு கிலோவில் ஐந்துதான் தின்றது. வலப்பக்கம் இல்லை.

டிசம்பர் 10, திங்கள்

மூன்று கிலோ. மாத்திரை வைத்த மீனை வாயில் வாங்கி, மெதுவாக வெளியே விட்டது. மாத்திரை செருகிய செவுளோடு அந்த மீன் குளத்தின் அடியில் போய்ப் படுத்தது.

டிசம்பர் 11, செவ்வாய்

எதுவும் தின்னவில்லை.

இந்த வேலையின் அடித்தளம் எவ்வளவு மெல்லியது என்று ஒவ்வொரு முறையும் மறந்துவிடுகிறேன். பசி இருக்கும்வரைதான் மீனுக்கு மதிப்பு. பசி போய்விட்டால் எங்களிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. மிகவும் நோயுற்ற நாளில்தான் ஒத்துழைப்பு மிகவும் தேவைப்படுகிறது. அந்த நாளில் கேட்கும் தகுதி எங்களுக்கு இருப்பதில்லை.

ஏழாம் நாள். நாளை காலை நீரை இறக்குகிறோம் என்று இயக்குநரிடம் சொன்னேன். இசோபேயிடமும் நானே போய்ச் சொன்னேன்.

“சரி,” என்றார். பிடிப்பவர்கள் எட்டுப் பேரின் பட்டியலில் தன் பெயரை முதலில் எழுதினார்.

டிசம்பர் 12, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

எட்டு மணிக்கு வடிகால் திறந்தார்கள். நீர் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எட்டுப் பேர் ரப்பர் உடையில் மேடையில் வரிசையாக நின்றார்கள். முதல் இருபது நிமிடம் ஷிபுகி சுற்றிச் சுற்றி நீந்தியது. நீர் மார்பளவுக்கு வந்தபோது நேராக மேடைக்கு வந்தது, இசோபேயிடம்.

மல்லாந்து வாலைக் கொடுத்தது.

யாரும் கேட்கவில்லை. அவர் கையே நீட்டவில்லை. வாலை அங்கே, வெறும் விளிம்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தது. விசில் வரவில்லை. திரும்பி வாயைத் திறந்தது. வரவில்லை. வயிற்றைக் காட்டியது. பிறகு இடப்பக்கம் புரண்டு படுத்து, படுத்தே இருந்தது, வழக்கமாக நான் ஸ்கேன் செய்து முடிக்கிற அவ்வளவு நேரமும். பிறகு தலையைத் தூக்கி, தட்டே இல்லாத இடத்தில் பலமாக மூச்சுவிட்டது. மறுபடியும் வால்.

தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாய்ச் செய்துகாட்டியது. எதைக் கேட்கிறார்கள் என்று தெரியாத பரீட்சையில் தெரிந்த விடையையெல்லாம் எழுதிவைப்பதுபோல. வலப்பக்கத்தைத் தவிர.

பதற்றத்தில் பழகிய விலங்குகள் இப்படிச் செய்வது உண்டு, எழுதப்பட்டிருக்கிறது, நானே பாடம் நடத்தியிருக்கிறேன். சரி. நடத்தினே இல்ல? இப்ப நின்னு பாரு.

இசோபே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த வரிசையில் யாருமே தண்ணீரைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். யாராவது ஒருத்தர் பார்க்கணுமே.

ஒன்பது இருபதுக்குப் பிடித்தார்கள். அதிகம் போராடவில்லை. ஒரு சத்தம் போட்டது, ஒரே ஒரு தடவை.

வலது நுரையீரலில் என் முஷ்டியளவு பை. தடித்த சுவர். சுவரின் தடிப்பைப் பார்த்தால் பல மாதம், ஒருவேளை சில வருடம். மூன்று வருடமா? படத்தில் தேதி தெரியாது.

குழாய் வழியாக மருந்தும் நீர்ச்சத்தும் கொடுத்தேன். பதினெட்டு நிமிடத்தில் முடித்தேன். நன்றாகத்தான் செய்தேன்.

டிசம்பர் 13, வியாழன்

நாள் முழுக்க ஷிபுகி குளத்தின் அந்தக் கோடியிலேயே நின்றது. இசோபே மேடையில் மண்டியிட்டு உள்ளங்கையை விரித்தபடி இருந்தார், பதினோரு மணி வரை. பிறகு எழுந்து போய்விட்டார்.

மதியம் தீவன அறையில் குசுமி-சான் எனக்கு மிசோ சூப் ஊற்றிக் கொடுத்தார். நான் கையில் வைத்திருந்த பதிவுத்தாள் கோப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “படிச்சவங்க எல்லாத்தையும் எழுதி வெச்சிடறீங்க டாக்டர். எழுதினதத்தான் யாரும் படிக்கறதில்ல.”

அவருக்கு முக்கோணங்களைப் பற்றித் தெரியும். இங்கே எல்லோருக்கும் தெரியும்.

சூப் நன்றாக இருந்தது. இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

டிசம்பர் 15, சனி

இரண்டாம் முறை நீரை இறக்கினோம். இந்தத் தடவை அது மேடைக்கு வரவில்லை. பை கொஞ்சம் சுருங்கியதுபோல் தெரிந்தது. அளந்தேன், மூன்று மில்லிமீட்டர். பிழை வரம்புக்குள்தான். ஆனாலும் இசோபேயிடம், “குறைஞ்சிருக்கு,” என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

“அப்படியா?” என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, “டாக்டர் பொய் சொன்னா காது செவக்குது,” என்றார். இத்தனை வருடத்தில் என்னிடம் அவர் இப்படிப் பேசியதில்லை.

டிசம்பர் 16, ஞாயிறு

நுழைவாயிலில் பலகை வைத்திருக்கிறார்கள்: ‘ஷிபுகி உடல்நலமின்றி ஓய்வில் உள்ளது.’ பக்கத்தில் யாரோ ஒரு குழந்தை வரைந்த படம். டால்பின் போர்வை போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறது.

டிசம்பர் 17, திங்கள்

இன்று ரத்தமும் இல்லை, மூச்சுத்தட்டும் இல்லை, ஷிபுகி எதுவும் கொடுப்பதில்லை. கரையில் நின்று தொலைநோக்கியால் மூச்சை எண்ணுகிறேன். ஐந்து நிமிடத்துக்கு இருபத்தொன்று. மிக அதிகம். டால்பின்களைத் தானாக வந்து கொடுக்கப் பழக்குவதற்கு முன்னால் இப்படித்தான் வைத்தியம் பார்த்திருப்பார்கள்.

டிசம்பர் 18, செவ்வாய்

மாலை ஐந்து மணி. இசோபே என் அறைக்கு வந்து, உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். காகிதத்தில் சுற்றிய சோற்றுருண்டை இரண்டு கொண்டுவந்திருந்தார். ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

“நாளைக்கும் எறக்கறோமா?”

“மருந்து போட்டு மூணு நாள் ஆச்சு. போடலன்னா தாங்காது.”

“போட்டா தாங்குமா?”

“பத்துல ஒண்ணு.”

“அந்த ஒண்ணு அவளுக்கா, நமக்கா டாக்டர்?”

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நமக்கு என்றால் நாளை நீரை இறக்கக் கூடாது. அதற்கு என்றால் இறக்க வேண்டும். இதில் எனக்கு மட்டும் என்று ஒரு பங்கு இருக்கிறது. இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று செய்துகொண்டே போனால் முப்பத்தேழில் கொஞ்சம் கழிந்துவிடும் என்ற நினைப்பு. அப்படி எதுவும் கழியாது. அது எனக்குத் தெரியும்.

“நானும்தான் முக்கோணம் போட்டேன்,” என்றார் இசோபே, நான் பேசாததைக் கேட்டதுபோல. “பெருக்கல் போட்டிருக்கலாம். அறிக்கை எழுதணுமேன்னு போடல. அவ்வளவுதான். எனக்கு எழுத வராது. அசிங்கமா எழுதுவேன், நீங்க திருத்துவீங்க. அதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு போடல.”

அதற்காகவா!

“நான் திருத்தியிருக்க மாட்டேன்,” என்றேன்.

“திருத்துவீங்க. செவப்பு மையில.”

திருத்தியிருப்பேன்தான்.

கடைசியில் முடிவு நான்தான் எடுக்க வேண்டும், எடுத்தேன். நாளை எட்டு மணிக்கு வடிகால். மருந்து. இதுவே கடைசி, இதிலும் முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். சோற்றுருண்டைக்குள் உப்பில் ஊறிய பழம் வைத்திருந்தது.

ஷிபுகி பயந்துபோய்ச் சுவரில் மோதிக்கொள்ளக்கூடும். போன தடவையைவிட பலவீனமாக இருக்கிறது. மோதாமல் தடுக்க மேற்குச் சுவரோரம் இரண்டு பேரை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 19, புதன்

நடந்தது இது.

எட்டு மணி இரண்டு நிமிடத்துக்கு வடிகால் திறந்தார்கள். நீர் இன்னும் ஆள் உயரம் இருந்தது. ஷிபுகி அந்தக் கோடியிலிருந்து கிளம்பி, குளத்தின் நடுவுக்குச் சற்றுத் தெற்கே, இரண்டு தடவையும் நாங்கள் பாய் விரித்த இடத்துக்கு நேர்மேலே வந்து, அசையாமல் மிதந்தது. சுவரோரம் நிறுத்தியிருந்த இருவருக்கும் வேலையில்லை.

“இதையும் கத்துக்கிட்டா,” என்றார் இசோபே.

எட்டுப் பேரையும் நிற்கச் சொல்லிவிட்டு அவரும் நானும் மட்டும் இறங்கினோம். நீர் என் தோள் வரை இருந்தது. குளிரில் மூச்சு முட்டியது. மேடையிலிருந்தவர்கள் இயந்திரத்தை விளிம்புக்குத் தள்ளிவந்து கம்பியை நீட்டிப் பிடித்தார்கள். யாரும் டால்பினைப் பிடிக்கவில்லை. இசோபே அதன் தாடைக்கடியில் கையை வைத்தார், வெறுமனே. நான் நீருக்கடியில் ஸ்கேன் முனையை வலது விலாவில் வைத்தேன். விலகவில்லை. வலி குறைந்துவிட்டதா, விலகத் தெம்பில்லையா, இனி விலகிப் பயனில்லை என்று கற்றுக்கொண்டதா? எதையும் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

பை உடைந்திருந்தது. மார்புக்குள் முழுக்கத் திரவம். நான்கு இடத்தில் வைத்துப் பார்த்தேன், நான்கிலும் அதேதான். ஐந்தாவதாக ஓர் இடம் தேடிய கையை நானே எடுத்துவிட்டேன்.

“மருந்து எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?” என்று மேடையிலிருந்து இயக்குநர் கேட்டார்.

“வேண்டாம்.”

“அப்ப தண்ணி?”

“ஏத்தச் சொல்லுங்க.”

எட்டுப் பேரும் உடை மாற்றப் போனார்கள். வடிகாலை அடைத்துக் கடல்நீரைத் திறந்தார்கள். நான் நடுங்க ஆரம்பித்ததும் குசுமி-சான் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, பெரிய துண்டைப் போர்த்தினார். இசோபே ஏறவில்லை. நீர் அவர் கழுத்துவரை வந்தபோது தரையிலிருந்து காலை எடுத்துவிட்டு மிதந்தார், ஒரு கை டால்பினின் தாடைக்கடியில் இருந்தபடியே. மேடையிலிருந்து ஐந்தைந்து நிமிடமாக மூச்சை எண்ணிக் குறித்தேன். இருபத்துநான்கு. பத்தொன்பது. பதினொன்று.

நீர் பழைய மட்டத்துக்கு வர ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. ஷிபுகி பத்து நாற்பதுக்கு இறந்தது.